சாமுவேல் சாரின் பேண்டில் காணாமல் போன ஒன்பது இஞ்சு

தையல்காரனைத் திருடன் என்று சொல்ல எங்கள் ஊரில் யாருக்கும் சாட்சி தேவையில்லை. சட்டை இறுக்கிப் பிடித்தால் துணியை எடுத்துவிட்டான் என்பார்கள். லூசாக இருந்தால், எடுக்கத் தெரியாமல் விட்டுவிட்டான் என்பார்கள். பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் முப்பது வருஷத்துக்கு மேல் கட்டிங் மாஸ்டராகக் கடை நடத்தியவன் நான். இந்தப் பேச்சையெல்லாம் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டிருக்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடையில் மட்டும் அப்படி விட முடியவில்லை. இப்போது தையல் படிக்கிற பிள்ளைகளுக்கு உபயோகப்படும் என்று அதை எழுதுகிறேன்.

1. டேபிளில் விழுந்த பேண்ட்

ஏப்ரல் கடைசி. மேலே ஃபேன் அனலைக் கிளறிக்கொண்டிருந்தது. எஸ்தர் டீச்சர் குடையை மடக்காமலே கடைக்குள் வந்தார். ஊரில் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றின் ஹெட்மிஸ்ட்ரஸ் அவர். அந்தப் பள்ளியின் யூனிஃபார்ம் ஆர்டர் வருஷாவருஷம் எனக்குத்தான் வரும். மே மாதம் முழுக்க என் கடை மெஷின்கள் அதற்காகவே ஓடும். அது போய்விட்டால் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

டீச்சர் கையில் இருந்த கிரீம் கலர் பேண்டை என் கட்டிங் டேபிளில் போட்டார்.

"மாஸ்டர், எங்க வீட்டுக்காரங்களுக்கு நீங்க தைச்ச பேண்ட் இது. பழைய பேண்டோட வச்சு அளந்துட்டேன். ஒம்பது இஞ்சு குறையுது. அந்த ஒம்பது இஞ்சு எங்க?"

கடையில் இருந்த வாடிக்கைக்காரர்கள் என் டேபிள் பக்கம் திரும்பினார்கள். சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த என் உதவியாள் இசக்கியம்மாள் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். நான் வாசலைப் பார்த்தேன். வாசலில் டீச்சரின் கணவர் சாமுவேல் சார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். காலேஜில் விலங்கியல் பேராசிரியர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். அவரோ சைக்கிள் மணியைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சார்..." என்று இழுத்தேன்.

"எனக்கு என்ன தெரியும் மாஸ்டர்? துணி சுருங்கிட்டோ என்னமோ," என்றார், நிமிராமல் அந்த சைக்கிள் மணியைப் பார்த்தே.

"டெரிகாட்டன் ஒம்பது இஞ்சு சுருங்குமாக்கும்?" என்று டீச்சர் திரும்பினார். "ஒண்ணு இல்ல, நாலு பேண்ட். நாலும் பேசி வச்சு சுருங்கியிருக்கு. காலேஜ் வாத்தியாருக்கே இந்தக் கதின்னா, எங்க பிள்ளைங்க யூனிஃபார்ம் போட்டா முட்டி தெரியத்தான் வரும். வார திங்கக்கிழமை கமிட்டி கூடுது. ஆர்டரை யாருக்குக் குடுக்கன்னு அங்கன பேசிக்கிடுதோம்."

குடை வெளியே போயிற்று. பின்னாலேயே சைக்கிளும் போயிற்று. கையில் இருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். அது கையில் இருந்தால் நல்லதில்லை என்று தோன்றியது.

2. உண்மையில் நடந்தது

அதற்கு மூன்று வாரம் முன்னால் சார் தனியாக வந்திருந்தார். டீச்சர் அவருக்காக எடுத்து வைத்த நாலு பேண்ட் பிட்டும் கையில் இருந்தன. கிரீம், சாம்பல், காப்பிக்கொட்டை, கருநீலம்.

"மாஸ்டர், கீழ இவ்வளவு வேண்டாம்," என்று காலைத் தூக்கி, கெண்டைக்காலின் நடுவில் விரலால் ஒரு கோடு போட்டுக் காட்டினார். "இங்கன நிறுத்திரும்."

"அது என்ன சார், பேண்டும் இல்லாம நிஜாரும் இல்லாம?"

"சைக்கிள் செயின் இதுவரைக்கும் என் மூணு பேண்டோட வலது காலைத் தின்னுட்டு. வேர்க்குரு முட்டிக்குக் கீழதான் மோசமா இருக்கு. நத்தை பொறுக்க ஆத்துல இறங்கினா சுருட்டிச் சுருட்டி விட வேண்டியிருக்கு. வெளிநாட்டுக்காரன் வெயிலுக்கு இப்படித்தான் போடுதான், மாஸ்டர். புஸ்தகத்துல படம் பாத்தேன்."

நியாயமான பேச்சு. வெயில் காலத்தில் நம் ஊரில் காற்று படுகிற இடம் கணுக்கால் ஒன்றுதான், அதையும் நாம் மூடி வைக்கிறோம். "டீச்சர் கிட்ட சொல்லிட்டியளா?" என்று கேட்டேன். "அதை நான் பைய சொல்லிக்கிடுதேன்," என்றார்.

தொழில் பழகுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முழு பேண்டை வெட்டி, பாதியில் கத்தரித்துக் கீழே மடித்தால் அது இந்த பேண்ட் ஆகாது. அந்த இடத்தில் கால் வாய் அகலமாக நிற்கும். நடந்தால் மணி மாதிரி ஆடும். முட்டியிலிருந்தே ஷேப்பை மாற்றி, பாட்டத்தின் சுற்றளவை, கெண்டைக்காலுக்கும் துணிக்கும் நடுவில் ஒரு விரல் போகிற அளவுக்குக் குறைக்க வேண்டும். நான் காகிதத்தில் இரண்டு தடவை வெட்டிப் பார்த்த பிறகுதான் துணியில் கை வைத்தேன். மிஞ்சிய நாலு துண்டையும் மடித்து, சார் கையிலேயே கொடுத்தேன். இசக்கியம்மாள்தான் நூல் போட்டுக் கட்டினாள்.

டீச்சர் வந்து கேட்ட அன்றைக்கே அவரிடம் இதைச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். இசக்கியம்மாளும் கேட்டாள். யாருக்கு இடுப்பு எத்தனை, யார் தோளுக்குள் பஞ்சு வைக்கச் சொன்னார், யார் வீட்டுக்குத் தெரியாமல் சஃபாரி சூட் தைத்தார் என்பதெல்லாம் தையல்காரனோடு போக வேண்டிய சங்கதி. ஒருத்தரை அவர் மனைவி முன்னால் காட்டிக்கொடுத்துவிட்டு மறுநாள் இன்னொருத்தர் இடுப்பில் டேப்பைச் சுற்ற முடியாது.

ஆனால் ஊர் சும்மா இருக்குமா? டீச்சர் வந்து போன மறுநாளே டீக்கடையில், "ஏலே, மாஸ்டர் சாரை உரிச்சிட்டாராம்லா!" என்று என் காதுபடவே பேசினார்கள். ஒருத்தர் மூன்று வருஷத்துக்கு முன் தைத்த பேண்டைக் கொண்டுவந்து, "சும்மா அளந்து பாரும் வே," என்றார். இன்னொருத்தர் அளவு கொடுக்க வரும்போது சொந்த டேப் கொண்டுவந்தார்.

3. ஆற்றில் விசாரணை

சார் சாயங்காலம் எங்கே இருப்பார் என்று தெரியும். வண்ணாரப்பேட்டை பக்கம் ஆற்றில் இறங்கி, கணுக்கால் அளவு தண்ணீரில் குனிந்து நத்தை தேடிக்கொண்டிருந்தார். காலில் காப்பிக்கொட்டைக் கலர். பேண்டின் நுனி நனையவே இல்லை. என் கோபத்திலும் அந்த ஃபிட்டிங்கைப் பார்க்க எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

"சார், நான் குடுத்த துண்டுத் துணி எங்க?"

அவர் நிமிர்ந்தார். கையில் ஒரு நத்தை. "காலேஜ் லேபில, பீரோவுக்குள்ள பத்திரமா இருக்கு மாஸ்டர். ஒரு நூல் பிரியல."

"அதைக் கொண்டுபோய் டீச்சர் கையில குடுக்க வேண்டியதுதான?"

"குடுத்தா நான்தான் வெட்டச் சொன்னேன்னு ஆகிரும்லா."

"நீங்கதான வெட்டச் சொன்னிய!"

"அது உமக்கும் எனக்கும் தெரியும்," என்றார் பரிதாபமாக. "அவ பாத்துப் பாத்து எடுத்த துணி மாஸ்டர். கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவ எடுத்துத் தாரதைத்தான் போடுதேன். எனக்கு வேர்க்குன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. இப்ப எப்படிச் சொல்ல?"

திட்டத்தான் போனேன். அந்த முகத்தைப் பார்த்ததும் திட்ட வரவில்லை. கரையில் உட்கார்ந்து யோசித்தேன். துணியும் வெளியே தெரிய வேண்டும், சாரும் மாட்டக் கூடாது. காலில் இல்லாத துணி வேறு எங்கேயாவது அவர் மேலேயே இருந்தால்?

"சார், நாளைக்குத் துண்டெல்லாம் கடைக்கு வரணும். இது மாஸ்டர் போட்ட டிசைன், சட்டையும் பேண்டும் ஒரு செட்டு, சட்டை வர லேட் ஆயிட்டுன்னு வீட்டுல சொல்லிருங்க. பழி என் மேல இருக்கட்டும்."

திருடன் என்று பெயர் எடுப்பதைவிடப் பைத்தியக்காரன் என்று பெயர் எடுப்பது தையல்காரனுக்கு நல்லது. பைத்தியக்காரனிடம் யூனிஃபார்ம் கொடுப்பார்கள்.

4. எதற்கும் எது வேண்டுமானாலும்

முதலில் சுலபமாகத்தான் நினைத்தேன். நாலு வெள்ளை பாப்ளின் சட்டை. கிரீம் பேண்டுக்கான சட்டையில் கிரீம் காலர், சாம்பலுக்குச் சாம்பல் பாக்கெட், இப்படியே. காலேஜுக்கு இன் பண்ணுகிற மாதிரி ஒன்று. ஆற்றுக்குப் போட, இன் பண்ணாமல் வெளியே விடுகிற மாதிரி, கீழே நேர் வெட்டாக ஒன்று. கல்யாண வீட்டுக்குக் காலர் இல்லாமல் ஒன்று. சர்ச்சுக்கு முழுக்கை வைத்து ஒன்று. காலுக்குச் செருப்பு மட்டும்தான். இந்த பேண்டுக்கு ஷூவும் சாக்ஸும் போட்டால் பழைய காலத்து போலீஸ்காரர் ஆகிவிடுவார். நாலு பேண்ட், நாலு சட்டை. கோடை முழுக்க மாற்றி மாற்றிப் போடலாம்.

கத்தரிக்கோலைக் கையில் எடுத்தபோது இசக்கியம்மாள் கேட்டாள். "அண்ணாச்சி, சார் கிரீம் பேண்டுக்கு நீலக் காலர் சட்டையைப் போட்டுட்டுப் போனா? அன்னைக்கு கிரீம் துணி எங்கன்னு டீச்சர் கேப்பாவல்லா?"

அவள் சொன்னது சரி. மாற்றிப் போடத்தான் நாலு சட்டை. ஆனால் மாற்றிப் போட்ட நிமிஷமே நான் மறுபடியும் திருடன். யோசித்து யோசித்து ஒரே வழிதான் தெரிந்தது. எல்லாச் சட்டையிலும் நாலு துணியும் இருக்க வேண்டும். காலர் அல்லது கழுத்துப்பட்டி கிரீம், பாக்கெட் சாம்பல், கைப்பட்டி காப்பிக்கொட்டை, பொத்தான் பட்டி கருநீலம். எந்த பேண்டுக்கு எந்தச் சட்டை போட்டாலும் கணக்கு நேராகிவிடும். மிஞ்சியதில் ஒரு தோள்பையும் ஒரு தொப்பியும் தைத்தேன். சைக்கிள் சீட்டுக்கு உறை போட்ட பிறகுதான் துணி தீர்ந்தது.

சனிக்கிழமை ட்ரையலுக்கு வந்த சார் கண்ணாடி முன்னால் நின்றார். முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்தார்.

"எப்படி இருக்கு சார்?"

"கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பந்தல் போட்டாப்ல இருக்கு மாஸ்டர்."

"காத்து வருதா?"

"காத்து நல்லா வருது," என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

5. ஞாயிற்றுக்கிழமை

மறுநாள் காலை சர்ச்சுக்கு எதிரே டீக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டேன். விடிந்தால் திங்கட்கிழமை, கமிட்டி. டீ கையிலேயே ஆறிப்போயிற்று.

ஆராதனை முடிந்து சார் வெளியே வந்தார். தலையில் தொப்பி, தோளில் பை, கெண்டைக்கால் பாதியில் சாம்பல் கலர் பேண்ட். நான் நினைத்தபடியே கூட்டம் சூழ்ந்துகொண்டது. ஒருத்தர் காலரைப் பிடித்துப் பார்த்தார். இன்னொருத்தர் கையைத் திருப்பினார். "எலே, துணி எல்லாம் மேலதான்லே இருக்கு!" என்று யாரோ கத்தினார்கள். எனக்கு உயிர் வந்தது.

அப்போது டீச்சர் என்னைப் பார்த்துவிட்டார். "மாஸ்டர், இங்கன வாங்க."

போனேன். டீச்சர் கைப்பையைத் திறந்து டேப்பை எடுத்தார். ஹெட்மிஸ்ட்ரஸ் கைப்பையில் பைபிளோடு டேப்பும் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பாக்கெட்டை அளந்தார். தொப்பியைக் கழற்றி அளந்தார். பையை அளந்தார். சார் கையை விரித்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

"வீட்டுல கிடக்க மத்த சட்டையையும் சேத்துக் கூட்டிப் பாத்தா ஏழு இஞ்சு துணிதான் வருது. இன்னும் ரெண்டு எங்க?"

"தையலுக்குள்ள போயிருக்கு டீச்சர். மடிப்புக்கு, பிடிப்புக்கு எல்லாம்..."

"எல்லாத் தையல்காரரும் இதைத்தான் சொல்லுதாங்க," என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அத்தனை வருஷத் தொழிலில் ஒரு முழம் துணி எடுத்ததில்லை. அதை எதைக் கொண்டு காட்டுவது?

"எஸ்தர், அவரை விடு."

சார்தான் பேசினார். குரல் எல்லோருக்கும் கேட்டது. "நான்தான் வெட்டச் சொன்னேன். மிச்சத் துணியை அன்னைக்கே மாஸ்டர் என் கையில குடுத்துட்டார். நான்தான் லேபில ஒளிச்சு வச்சேன். அவரு மேல ஒரு தப்பும் இல்ல."

டீச்சர் டேப்பை இறக்கினார். "எதுக்கு?"

"வேர்க்கு எஸ்தர்."

"என்னது?"

"கால் வேர்க்கு. ரொம்ப வருஷமா வேர்க்கு."

டீச்சர் அவரையே பார்த்தார். "அதை எங்கிட்ட சொல்லதுக்கு என்ன?"

"நீ வேண்டாம்னு சொல்லிருவியோன்னு..."

"கேட்டாத்தான வேண்டாம்னு சொல்ல முடியும்? கேக்காமலே நான் வேண்டாம்னு சொல்லிட்டேனாக்கும்?"

டீச்சர் தொப்பியை அவர் தலையில் வைத்து, நேராக்கிவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, அசெம்பிளியில் பேசுகிற குரலில், வாசல் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்.

"மாஸ்டர், பத்துப் பேரு முன்னால உங்களைக் கேட்டேன். அதனால பத்துப் பேரு முன்னாலயே சொல்லுதேன். நீங்க துணி எடுக்கல. என் பேச்சுதான் தப்பு. நாளைக்குக் கமிட்டியிலயும் இதையே சொல்லுவேன். யூனிஃபார்ம் நீங்கதான் தைக்கிய." கொஞ்சம் நிறுத்தினார். "பேண்டுக்குக் கீழ நாலு இஞ்சு உள்மடிப்பு விடணும். பிள்ளைங்க வளருவாங்க. இவங்க இனிமே வளர மாட்டாங்க."

வாய் சிரித்தது, கண் நிறைந்துவிட்டது. அந்தச் சட்டைகளை சார் அந்தக் கோடை முழுக்கப் போட்டார். திசையன்விளையில் ஒரு கல்யாணத்துக்கும் அப்படியே போனார். பந்தியில் பாயசம் பரிமாறியவர் பாக்கெட்டை எட்டிப் பார்த்துக்கொண்டே இலைக்கு வெளியே ஊற்றிவிட்டாராம்.

இப்போது ரெடிமேட் கடையில் அதே மாதிரி பேண்ட் தொங்குகிறது. துணி குறைவு, விலை அதிகம். பிள்ளைகள் சந்தோஷமாக வாங்கிப் போகிறார்கள். அந்தக் கடைக்காரனிடம் போய் ஒன்பது இஞ்சு எங்கே என்று டேப்போடு நிற்க ஒரு ஆளும் இல்லை. அதைப் பார்க்க எனக்கு வயிறு எரியத்தான் செய்கிறது.

இந்த விஷயத்தில் நான் கற்றது ஒன்று. அதன் பிறகு வழக்கத்துக்கு மாறாக யார் என்ன தைக்கச் சொன்னாலும், டேப்பை எடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்பேன். முதலில் கேட்டது சாமுவேல் சாரிடம்தான். அடுத்த வருஷக் கோடையில் ஒரு புதுப் பிட்டோடு வந்து, கெண்டைக்காலில் அதே இடத்தில் விரலால் கோடு போட்டார்.

"வீட்டுல சொல்லியாச்சா சார்?"

சார் வாசல் பக்கம் திரும்பினார். வெயிலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, குடையும் பிடித்துக்கொண்டு எஸ்தர் டீச்சர் நின்றிருந்தார்.

"சொல்லியாச்சு மாஸ்டர், வெட்டுங்க," என்றார் டீச்சர் அங்கிருந்தே. "மிச்சத் துண்டை மட்டும் எங்கிட்ட குடுங்க."