பெயரை மட்டும் கொடுப்பவர்

திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்த ஹோட்டல் மண்டபம் ஒன்றில், கொழும்பிலிருந்து வந்த முதலீட்டாளர்களுக்கு மொழிபெயர்க்கப் போயிருந்தேன். அன்று தன் தொழிலை விளக்கியவர் ஒரு கிண்ணியாப் பெண்; என் ஊரும் அதுதான். கறுப்பு அபாயா, தடித்த கண்ணாடி. யாராவது கேள்வி கேட்டால் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் பதில் சொல்வார்.

"நாங்கள் கருவாடு போடுறதில்ல. எங்கட பிராண்ட் பெயரைத்தான் குடுக்கிறம்," என்று தொடங்கினார். குச்சவெளியிலும் கட்டைபறிச்சானிலும் உள்ளவர்கள் அவர் சொல்லும் முறையில் கருவாடு போட்டு, அந்தப் பெயரில் விற்று, வருமானத்தில் அவருக்கு ஒரு பங்கு தருகிறார்கள்.

முன்வரிசைக்காரர் ஒருவர் சிரித்தார். "சொந்தமாக ஒரு கொட்டில்கூட இல்லை. வெறும் பெயரை நம்பி எப்படி முதலிடுவது?"

அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றினார். "பிழை விட்டால் பெயரைத் திருப்பி எடுப்பன். ஒருத்தரிட்ட எடுத்தும் இருக்கிறன். உயர்த்திக் கட்டின தட்டியில மீனைக் காயவைக்கச் சொல்ல, மணலில போட்டவர்."

"யார் அவர்?"

"என்ட மூத்த நானா."

சொந்த அண்ணனிடமே என்றதும் பலர் நிமிர்ந்து பார்த்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். வான் சாரதி என்று நான் நினைத்திருந்தவர். "ஓம், நான்தான். கோபத்தில கொஞ்சக் காலம் கதைக்கவே இல்ல. இப்ப தட்டி அடிச்சிட்டன்," என்றார். அவர் முகத்தில் வெட்கம் இல்லை. தங்கையைப் பற்றிய பெருமைதான் இருந்தது.

முன்வரிசைக்காரர் இப்போது சிரிக்கவில்லை. அந்தத் தட்டிகளைப் பார்க்க வரலாமா என்று கேட்டார்.

"குச்சவெளிக்கு வாங்க, காட்டுறன். நானாட இடத்துக்கு ஏலாது. அவருக்கு இன்னும் பெயரைத் திருப்பிக் குடுக்கல்ல."

அதை ஆங்கிலத்தில் சொன்னபோது என் குரல் என்னையறியாமல் உயர்ந்தது. எங்கள் ஊர்க்காரி என்று வீடு சேரும்வரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே போனேன்.