அக்கா வீட்டின் இரண்டாவது அடுப்பு

தொண்ணூறுகளின் நடுவில், பெங்களூர் ஜோகுபாளையத்தில் என் அக்கா வீட்டில் இரண்டு அடுப்புகள் எரிந்தன. ஒன்று அக்காவுடைய கேஸ் அடுப்பு. இன்னொன்று வாசல் கதவுக்குப் பின்னால் மாமா வைத்திருந்த மண்ணெண்ணெய் ஸ்டவ். அக்காவின் கணவரான அவர் தன் அரிசியைத் தானே களைந்து, ஒரு முட்டையையும் அதிலேயே போட்டு வேகவைத்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவார். குடிக்கும் தண்ணீரைக்கூடத் தெருக்குழாயில் தானே பிடித்து வருவார். வந்தவர்கள் கேட்டால், வயிறு சரியில்லை என்று அக்கா சொல்லிச் சமாளிப்பாள். அந்த ஸ்டவ் வீட்டுக்குள் வரக் காரணமே நான்தான்.

மாமா கோலார் தங்கவயல்காரர். பெங்களூரில் ஒரு பட்டறையில் இரும்பு கடையும் லேத் மெஷின் ஓட்டினார். வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் காலையில் கை நடுங்காமல் இருக்கவே ஒரு பாக்கெட் சாராயம் வேண்டும் என்ற நிலைக்கு வந்திருந்தார். பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்வார். அன்று மாலையே குடித்துவிட்டு வருவார். எல்லாம் திமிர் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அவரும் அப்படியேதான் நினைத்திருப்பார் போல.

நான் அப்போது சிவாஜிநகரில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலைக்கு நின்றிருந்தேன். நாலு மருந்துப் பெயர் தெரிந்ததும் பாதி டாக்டர் என்ற நினைப்பு எனக்கு. குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்கிற மாத்திரை ஒன்று உண்டு. டாக்டர் பார்த்து, குடிப்பவர் சம்மதித்த பிறகே கொடுக்க வேண்டியது. எத்தனையோ பெண்கள் அதைப் புருஷனுக்குத் தெரியாமல் குழம்பில் கலக்கக் கேட்டு வருவார்கள். டாக்டர் சீட்டு இல்லாமலே கொடுப்போம். அக்காவுக்கும் ஓர் அட்டை கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"பொடி பண்ணி ரசத்துல போட்டுடுக்கா. அவருக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன். அக்கா பயந்தாள். நான்தான் தைரியம் சொன்னேன்.

நான்காம் நாள் மாமா குடித்த கையோடு பஸ் ஸ்டாண்டில் விழுந்துவிட்டார். முகமெல்லாம் ரத்தச் சிவப்பு, நெஞ்சுப் படபடப்பு, நிற்காத வாந்தி. ஆஸ்பத்திரியில் டாக்டர் துருவித் துருவிக் கேட்டதும் அக்கா அழுதுகொண்டே ரசத்தில் கலந்ததைச் சொல்லிவிட்டாள். மாத்திரையைக் கொடுத்தது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. பிழைத்து வீடு வந்த மாமா முதலில் வாங்கியது அந்த ஸ்டவ்வைத்தான். குடியையும் விடவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து அவராகவே அந்த டாக்டரிடம் போனார். அதற்குள் லேத்தில் ஒரு விரல் நுனி போயிருந்தது. மூன்று வாரம் வார்டில் இருந்தார். இது நோய், திட்டினாலும் போகாது, ஏமாற்றினாலும் போகாது என்று டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். இரண்டே மாதத்தில் மாமா மறுபடி குடித்தார். மறுபடி வார்டு. இந்த முறை டாக்டர் அதே மாத்திரையை எடுத்து, அது என்ன செய்யும் என்று அவரிடமே விளக்கிச் சம்மதம் கேட்டார். தினமும் காலையில் யார் கையால் வாங்கிக்கொள்வீர்கள் என்றும் கேட்டார். அப்போதுதான், அன்றைக்கு அக்காவிடம் மாத்திரையைக் கொடுத்தது நான் என்று சொன்னேன்.

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். "தெரியும்டா. மருந்துக் கடையில நிக்கிறவன் நீதான?"

"அப்போ அக்கா மேல ஏன் மாமா கோவம்?"

"நீ குடுத்திருந்தா நான் துன்னுருப்பனா? அவ கை சோறுன்னுதான துன்னேன்."

இன்று நான் சொந்தமாக மருந்துக் கடை வைத்திருக்கிறேன். அந்த மாத்திரையைக் கேட்டு வருகிற பெண்களிடம், அவரையே டாக்டரிடம் கூட்டிப் போங்கள் என்கிறேன். பாதிப் பேர் என்னைத் திட்டிவிட்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள்.

மாமா அன்று வார்டில் அக்காவையே கைகாட்டினார். "என் கண்ணு முன்னால குடுக்கட்டும்" என்றார். தினமும் காலையில் அக்கா அட்டையை அவர் எதிரிலேயே பிரித்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். ஒரு மாதம்போல மாத்திரை அவள் கையால், சோறு தன் கையால் என்று ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் போயிருந்தபோது, மாமா தட்டை எடுத்துக்கொண்டு வந்து அக்காவுக்கு எதிரில் உட்கார்ந்தார். அக்கா அவர் தட்டில் சோற்றைப் போட்டாள். பிறகு அதிலிருந்தே ஒரு வாய் பிசைந்து, முதலில் தான் சாப்பிட்டுக் காட்டப் போனாள்.

மாமா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "வாணாம், தட்டுல போடு" என்றார்.