பாவு பிணைப்பவரின் பயம்

ஆரணியில் பட்டுத்தறிக்குப் பாவு பிணைப்பவர் அவர்; தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளை ஒவ்வொன்றாக முடிச்சுப் போட்டு இணைக்கும் வேலை. ஒல்லியான மனிதர், பேசும்போதும் கண் இழையைவிட்டு நகராது.

ஜப்பானில் கடலோரம் வேலை பார்க்கும் மகள், அங்கே கடலடியில் மெதுவான நிலநடுக்கம் நடக்கிறது என்றாளாம். நான் படித்தவன் என்ற வதந்தியை நம்பி, அது ஆபத்தா என்று என்னிடம் கேட்டார்.

"பூமியோட ஒரு பாறைத்தட்டு இன்னொரு தட்டுக்கு அடியில வாரக்கணக்கா நழுவும், யாருக்கும் தெரியாது. இறுக்கம் தளருது, நல்லதுதான். சுனாமியெல்லாம் வராது" என்றேன், பாதிக் கட்டுரை படித்த தைரியத்தில்.

அவர் பாவில் நாலு இழையைத் தளர்த்தினார். "இது தளர்ந்தா பாரம் பக்கத்து இழைக்குத்தானே சார் ஏறும்? அது அறுந்தா?"

மீதிப் பாதிக் கட்டுரையும் அதையேதான் சொன்னது, பிறகு படித்தேன்.

அவரோ அப்போதே மகளுக்குப் போன் போட்டார். "லேசா ஆடினாலும் யோசிச்சிகினு நிக்காத, ஜல்தியா மேட்டுக்கு ஏறிடு. இங்க ஒரு சார் ஒண்ணும் ஆவாதுன்றாரு. அதான் பயமா கீது."

கேலி என்றால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் சிரிக்கவேயில்லை.