மைதானத்துக்குப் போன மீன் குழம்பு

டெலானிபூரில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குக் கீழே இருந்த மைதானத்தில், மழையில் பெரிய மரமொன்று குறுக்கே சாய்ந்துவிட்டது. ஞாயிறு மாலை அங்கேதான் சிப்பிகாட் ஊர்ப் பெண்களோடு எங்களுக்குக் கபடி. போன வருஷம் அவர்களிடம் மண்ணைக் கவ்வியிருந்தோம். இந்த முறை மைதானம் இல்லையென்றால் ஆடாமலே தோற்றதாக ஆகிவிடும்.

எனக்குக் கவலையே இல்லை. அரசாங்கம் என்பது எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிற சமாச்சாரம். அப்பா வனத்துறை, சித்தப்பா பொதுப்பணித்துறை, மாமா நகராட்சி. ஞாயிறுதோறும் மதியம் மூவருக்கும் அம்மாவின் மீன் குழம்புதான். மரம் விழுந்த அன்றே அம்மா மூவரையும் கேட்டாள்.

"இந்தத் தீவுல மரமெல்லாம் டெல்லி சொத்து. எங்க ஆபீஸ் நம்பர் அடிக்காம ரம்பம் வைக்க முடியாது" என்றார் அப்பா. "கிரவுண்டுதான் எங்களது, மரம் எங்களது இல்லியே" என்றார் மாமா. சித்தப்பா ஒரு படி மேலே போனார். "நின்ன வரைக்கும் எங்க ரோட்டுச் சரிவுல நின்னுச்சு அண்ணி. விழுந்த பிறகு எங்களுக்கு என்ன சம்பந்தம்?"

அடுத்தடுத்த வாசலில் குடியிருந்தவர்கள், மேலதிகாரிகள் வழியாகத்தான் பேசிக்கொள்வோம் என்று உட்கார்ந்திருந்தார்கள். நான் அழுது தீர்த்தேன்.

அந்த ஞாயிறு மதியம் மூவரும் கை கழுவி உட்கார்ந்தபோது சோறு இருந்தது, குழம்பைக் காணோம். அம்மா சூரை மீன் குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு இறங்கிப் போய், விழுந்த மரத்தின்மேல் வைத்துவிட்டாள். மூவரும் பின்னாலேயே ஓடினார்கள்.

"அரே அக்கா, எல்லாரும் பாக்குறாங்க!" என்றார் மாமா.

"பாக்கட்டும். இந்தக் குழம்பு எந்த டிபார்ட்மென்ட்னு மூணு பேரும் இங்கயே பேசி முடிங்க. அப்புறம் சாப்பாடு."

முதலில் சிரித்தது மாமாதான். பிறகு மூன்று போன்களும் வெளியே வந்தன. அப்பாவின் ஆள் வந்து மரத்தில் நம்பர் அடித்தார், சித்தப்பாவின் ஆட்கள் அறுத்தார்கள், மாமாவின் லாரி வந்து நின்றது. குவார்ட்டர்ஸே திரண்டு வந்து கயிற்றைப் பிடித்தது. "கீஞ்ச்சோ! ஜோர் சே!" என்று பலமாக இழுக்கச் சொல்லிக் கத்தியதில் என் தொண்டை கட்டிக்கொண்டது.

மாலையில் மரத்தூள் ஒட்டிய மண்ணில் ஆடினோம். கடைசி ரெய்டில் இருவரைத் தொட்டுவிட்டு நான் கோட்டுக்குத் திரும்பினேன். ஜெயித்துவிட்டோம்! அந்த ஆனந்தம் இன்னும் என் உடம்பில் இருக்கிறது.

என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு என்னைவிட அதிகமாகக் குதித்தவர்கள் அந்த மூவரும்தான். குழம்புக்குப் பயந்து வந்தவர்களுக்கு ஏன் இத்தனை சந்தோஷம் என்று எனக்கு அன்று விளங்கவில்லை. பிறகுதான் புரிந்தது. மரம் விழுந்த நாள்முதலே மூவருக்கும் அதை நகர்த்தத்தான் ஆசை. தனியாகக் கை வைத்தால் நாளைக்கு நாம் மட்டும் மாட்டிக்கொள்வோமே என்றுதான் பயம். அம்மா அதைத் தெரிந்துதான் சட்டியைத் தூக்கியிருக்கிறாள்.