சங்கரபாண்டியின் தொப்பி வில்லை

என் வாயால் ஒரு குடும்பத்தின் பிழைப்பு கெடப் பார்த்த கதை இது. பிள்ளைகளே, நீங்கள் தெரிந்துகொள்ள எழுதுகிறேன்.

தென்காசியில் எனக்குப் பாத்திரப் பட்டறை. சாரல் தொடங்கினால் குற்றாலம் பங்களாக்களில் ஈயம் பூசும் வேலை கிடைக்கும். அப்படி ஒரு பங்களாவின் பின்கட்டில் வேலையாக இருந்தபோது மேனேஜர் கூப்பிட்டார்.

பின்வாசலில் வாசுதேவநல்லூர் சங்கரபாண்டியும் அவர் மனைவி மாடத்தியும் நின்றார்கள். சங்கரபாண்டி ஜெர்மன் சண்டைக்குப் போய் வந்தவர். காவல்காரர் வேலை கேட்டு வந்திருந்தார். பட்டாளத்துக் காகிதங்களைக் கரையான் தின்றுவிட்டதாம். மிஞ்சியது தொப்பியில் குத்தும் வில்லை ஒன்றுதான். அதை ஒரு சின்னப் பலகையில் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார்.

"போன சாரலுக்கு வந்தவனும் இப்படி ஒண்ணத்தான் நீட்டுனான். எவனோ வார்த்துக் குடுத்த போலி. கடைசியில கியாஸ் லைட்டத் தூக்கிட்டு ஓடிட்டான். இது எப்படின்னு பாத்துச் சொல்லும்வே" என்றார் மேனேஜர்.

அடுப்பில் பாத்திரம் காய்ந்துகொண்டிருந்தது. அவசரமாகப் பலகையை வெளிச்சத்தில் பிடித்தேன். வில்லையில் இருந்த கிரீடமும் ஊதுகொம்பும் மழுங்கியிருந்தன. நிறம் சிவப்பு. அந்தச் சின்னம் போட்ட பட்டாள வில்லை பித்தளையில்தான் வரும். இது செம்பு மாதிரி இருந்தது.

"போலி வார்ப்புதான் ஐயா" என்றேன்.

"அப்ப இவனும் திருட்டுப்பயதான். போலீசுக்கு ஆள் அனுப்புதேன்."

"பாஸ்ரா சண்டையில இதத் தலையில மாட்டியிருந்தேன் ஐயா" என்றார் சங்கரபாண்டி. மாடத்தியோ என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன அண்ணாச்சி, ஒரு கண்ணு அடுப்புல, ஒரு கண்ணு இதுலன்னா எப்படித் தெரியும்? ஆயுத பூசைக்கு நாந்தான் வருசா வருசம் பலகையோட புளியில ஊறப்போட்டுத் தேய்க்கேன்."

"எவ்வளவு நேரம் ஊறும்?" என்று கேட்டேன்.

"முந்துன நாளு போட்டா மறுநாள்தான் எடுப்பேன். பளிச்சுனு இருக்கணும்லா."

"குண்டுக்குத் தப்புன வில்லை, இவ கைக்குத் தப்பல" என்றார் சங்கரபாண்டி.

புளியில் கிடந்து ஊறினால் பித்தளை மேலாகச் சிவந்துபோகும். தொழில்காரன் எனக்குத் தெரியாததா அது? கம்பியை வெட்டி வில்லையைத் திருப்பினேன். முன்னால் மேடாக இருந்த இடமெல்லாம் பின்னால் பள்ளம். மெல்லிய தகட்டை அச்சில் வைத்து அடித்தால்தான் அப்படி வரும். மண்ணில் வார்த்த போலி, பின்னால் தட்டையாகக் கனத்துக் கிடக்கும். ஓரத்தை லேசாக உரசினேன். உள்ளே நல்ல மஞ்சள்.

"ஐயா, நான் சொன்னது தப்பு. இது அசல்."

மேனேஜர் பள்ளத்தில் விரலை விட்டுப் பார்த்தார். "மொதல்ல ஏன்வே அப்படிச் சொன்னீரு?"

"திருப்பிப் பாக்காமச் சொல்லிட்டேன் ஐயா."

என்னை முறைத்துவிட்டு, சங்கரபாண்டியிடம், "நாளைக்குக் காலையில வேலைக்கு வாரும்" என்றார்.

"அண்ணாச்சி, அடுப்புல பாத்திரம் கருகுது. அதையாவது திருப்பிப் பாருங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார் மாடத்தி.

நான் குறை சொன்னது ஒரு தகட்டை. திருட்டுப் பட்டம் விழ இருந்ததோ ஒரு மனுஷனுக்கு. நல்லவேளை, அந்த அம்மாள் வாயை மூடிக்கொண்டு போகவில்லை. அதற்குப் பிறகு யார் எதைக் கொண்டுவந்தாலும், "இருங்க, பாத்துச் சொல்லுதேன்" என்றுதான் முதலில் சொல்வேன். அப்படிச் சொன்னதற்காக எந்த வேலையும் என் கையை விட்டுப் போனதில்லை.