தொலைதூரப் பகுதிகள் நீங்கலாக

என் கணவர் பிரேசர் டவுன் பக்கம் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்தினார். இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவே நாடுகள் பேசிய ஆயுதக் குறைப்புதான் அவருக்குப் பிடித்த பாடம். ஜெனீவாவில் மாநாடு கூட்டி, 'நீ முதலில் குறை' என்று ஆளாளுக்குச் சொல்லிக் கலைந்துபோன கதையைச் சாப்பிடும்போதுகூடச் சொல்வார். நானும் மகனும் சிரிப்போம்.

மகன் படிப்பை முடித்து, ராணுவத்துக்கு ட்ரோன் செய்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்தான். ஸ்வீட் பாக்ஸோடு வந்தவனிடம், "அது குண்டு போடுமா?" என்று கேட்டார்.

"எல்லைக் காவலுக்குத்தான்பா."

"பிரிட்டிஷ் சர்க்காரும் அதையேதான் சொன்னது. விமானத்துலேர்ந்து குண்டு போடறதை எல்லாரும் விட்டுடலாம், தொலைதூரப் பகுதிகள்ல காவலுக்கு மட்டும் வேணும்னு. எதுடா தொலைதூரம்? அன்னிக்கு நம்ம வடமேற்கு எல்லை. அங்கயும் குடும்பம் குடும்பமாத்தான் இருந்தாங்க."

"நாம செய்யலேன்னா மத்தவன் சும்மா இருப்பானாப்பா?"

இந்தக் கேள்விக்கு அவரிடம் எப்போதுமே பதில் இருந்ததில்லை. அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது என்று இப்போது தோன்றுகிறது. "இந்த வீட்லேர்ந்து அந்த வேலைக்குப் போகாதே" என்றார். அந்த வாரமே அவன் ஊரின் மறுபக்கம், அடுகோடியில் ஓர் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

"நீங்களே ஒரு போன் பண்ணுங்களேன்" என்பேன். "அவன் பண்ணட்டும்." மகனிடம் கேட்டால், "அப்பா கூப்பிட்டா வரேன்மா" என்பான். இப்படியே தீபாவளியும் போனது, பொங்கலும் போனது.

பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்த மகன் அவர் காலடியில் உட்கார்ந்து பாதத்தைத் தடவிக்கொண்டே இருந்தான்.

"அப்பா, என்மேல இன்னும் கோபமா?"

அவர் உதடு கோணியது. ஏதோ சத்தம் வந்தது. மகன் என்னைப் பார்த்தான். "என்னம்மா சொல்றார்?"

எனக்கும் புரியவில்லை. "வீட்டுக்கு வரச் சொல்றார்" என்றேன்.

பெட்டியோடு திரும்பி வந்தான். அவரைக் குளிப்பாட்டுவதும் கஞ்சி ஊட்டுவதும் அவன்தான். மழைக்காலம் முடிவதற்குள் அவர் போய்விட்டார். கடைசிவரை ஒரு வார்த்தை வரவில்லை.

மகன் அதே கம்பெனிக்குத்தான் போகிறான். காலையில் டிபன் கட்டிக் கொடுக்கிறேன். வேலையைப் பற்றி அவன் சொல்வதில்லை, நான் கேட்பதில்லை. அவர் இருந்திருந்தால் கேட்டிருப்பார்.