விடியற்காலை மூன்று மணி நம்பர்

குவைத்திலிருந்து தினம் வருகிற வீடியோ கால் ஒரு வாரமாக வரவில்லை. நானாகக் கூப்பிட்டால் "வேலையில இருக்கேன்" என்று சொல்லி டக்கென்று வைத்துவிடுவார். என் கணவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. வேலை போய்விட்டதா, ஏதாவது வம்பில் மாட்டிக்கொண்டாரா என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வயலுக்குப் போனால் வீட்டு நினைப்பு, வீட்டுக்கு வந்தால் போன் நினைப்பு. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டிருந்தேன். பால் பொங்கி அடுப்பு அணைந்ததுதான் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தஞ்சாவூரிலிருந்து மூத்தார், அதாவது என் கணவரின் அண்ணன், வந்து இறங்கினார். கூடவே என் அண்ணனும். காபி வேண்டாம் என்றார்கள். மூத்தார் தன் போனில் குவைத்துக்குப் போட்டு, ஸ்பீக்கரைத் தட்டி, மேஜையில் வைத்தார். பக்கத்தில் ஒரு கத்தைத் தாள். என் போனிலிருந்து போன அத்தனை கால்களும் அதில் வரிசையாக இருந்தன. என் சிம் என் கணவர் பேரில் வாங்கியது. அவர் கேட்டார், போன் கம்பெனி கொடுத்துவிட்டது. பேசுகிற வாய் என்னுடையது, பேர் மட்டும் அவருடையது.

"இது யாரு நம்பரும்மா?" என்று மூத்தார் ஓர் எண்ணைத் தொட்டுக் காட்டினார். சிவப்பு மையில் சுழித்திருந்தது. விடியற்காலை மூன்று மணி, நாலு மணி என்று பக்கத்துக்குப் பக்கம் அதே எண்.

உற்றுப் பார்த்தேன். "தெரியலையே மாமா."

சத்தியமாகத் தெரியவில்லை. இந்தக் காலத்தில் யார் எண்ணைப் பார்த்துப் போன் பண்ணுகிறார்கள்? பேரைத் தொட்டால் போகிறது. ஆனால் அந்த ஒரு வார்த்தையில் என் மானம் கப்பலேறிவிட்டது.

"தெரியாத நம்பருக்கா விடியக்காலம் மூணு மணிக்குப் போடுவே?" மேஜையிலிருந்து என் கணவர் கத்தினார். "சிம்மு யார் பேருல இருக்குன்னு விசாரிச்சுட்டேன். அந்த மோட்டார் மெக்கானிக் பய பேருல இருக்கு!"

என் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். மற்றவர்கள் என்ன வேண்டுமானாலும் நினைக்கட்டும், கூடப் பிறந்தவனுமா? அழுகையும் ஆத்திரமும் ஒன்றாகப் பொத்துக்கொண்டு வந்தன.

மோட்டார் என்ற சொல் அப்புறம்தான் மண்டையில் ஏறியது. அடப்பாவிகளா!

குறுவை நாற்றங்காலுக்கு எங்களுக்குப் போர்வெல் தண்ணீர்தான். மோட்டாரை ஓட்டுகிற த்ரீ பேஸ் கரண்ட் பெரும்பாலும் விடியற்காலையில்தான் வரும், அதுவும் விட்டு விட்டு. பொம்பளை ஒருத்தி அந்த இருட்டில் வரப்பில் நடக்க முடியுமா? அதனால் மோட்டார் கொட்டகையில் புதுப் பெட்டி ஒன்று மாட்டியிருந்தேன். அதற்குள் ஒரு சிம் இருக்கும். படுத்த இடத்திலிருந்து அதற்குப் போன் போட்டால் மோட்டார் ஓடும். மாட்டிய மெக்கானிக் தன் பேரில் இருந்த சிம்மையே போட்டுவிட்டுப் போயிருந்தார். "புதுப் பெட்டி மாட்டியாச்சுங்க" என்று என் கணவரிடம் சொன்னேன். "சரி" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

என் போனை எடுத்து, 'போர் செட்' என்ற பேரைத் தொட்டு, ஸ்பீக்கரில் போட்டேன். ஒரு பெண் குரல் நிதானமாகச் சொன்னது: "மின்சாரம் இல்லை. மோட்டாரை இயக்க முடியாது."

அண்ணன்தான் முதலில் சிரித்தான். மூத்தார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். குவைத்திலிருந்தும் சிரிப்புச் சத்தம் வந்தது. "அட, மோட்டாரா? முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா? சரி விடு, வந்தவங்களுக்குச் சோத்தைப் போடு."

விடுவதாமே! அந்தத் தாள்களை இழுத்துப் புரட்டினேன். ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலும் மூத்தாரின் பொடி எழுத்து: தங்கச்சி, உரக்கடை, நடவு மேஸ்திரி.

"எல்லாருக்கும் போன் போட்டு யாரு யாருன்னு கேட்டீங்களா மாமா?"

"தம்பி விசாரிச்சு ஒவ்வொண்ணா சொல்லிச்சு, நான் எழுதினேன்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அடுத்த பக்கத்தில் 'ஸ்கேன் சென்டர்' என்றிருந்தது. அதற்குக் கீழே 'டாக்டர்'. மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டு, யாரிடமும் மூச்சு விடாமல், தனியாகத் தஞ்சாவூருக்கு பஸ் ஏறிப் போய்வந்திருந்தேன். சொன்னால் அந்தத் தேசத்தில் தனியாகக் கிடந்து தவிப்பாரே என்றுதான் மறைத்தேன். ரிசல்ட் இன்னும் வரவில்லை.

"ஸ்கேன் சென்டருக்குப் போட்டது தெரிஞ்சிருக்கு. டாக்டருக்குப் போட்டதும் தெரிஞ்சிருக்கு" என்றேன். "உடம்புக்கு என்னடின்னு கேக்கத் தோணலையாங்க?"

"அந்த டாக்டர் பொம்பளைன்னு சொன்னாங்க" என்றார் குவைத்திலிருந்து. "அதான் விட்டுட்டேன்."